ராணியின் மூக்கு

பண்ருட்டிப் பேருந்தில் ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தோம். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் ஓடவில்லை. எனக்கு முன் இருக்கையில், முதல் ஷிப்டு முடிந்து களைத்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த மூக்கு ஜெயிச்சிடுச்சுடி.”

“எந்த மூக்கு?”

“நானும் எங்க நாத்தனாவும் படிச்ச ராணி கதைய படமா எடுக்குறாங்கல்ல, அவ ஆசப்பட்ட நடிகையவே ராணியா போட்டுட்டாங்க.”

“அதுக்கு உனக்கு இன்னா?”

“‘அந்த மூக்குக்கு ராணி வேஷமா’ன்னு அன்னிக்கு நான் கேட்டுட்டேன். எங்க நாத்தனாவுக்கும் அதே மூக்கு. அதோட பேச்சு நின்னுபோச்சு, மூணு வருசமாச்சு.”

“போன் போட்டு, நீ சொன்னதுதான் நடந்துச்சுன்னு சொல்லிடு.”

“நேத்தே சொன்னேன். ‘படம் பாக்க எனக்கேது நேரம்’னா.”

“அவ்ளோதானா?”

“‘வேற இன்னா’ன்னு கேட்டா. மூணு வருசத்துக் கதைய பேசிகினே இருந்தோம். அடுப்புல சோறு அடிபிடிச்சிடுச்சு.”