மறுபடி ஏற்றிய கொடி

இரவு பதினொன்றரை. ஊருக்கு வெளியே, வண்டி நடமாட்டம் இல்லாத சாலை... வாடகை வேனில் ஒரு பெரிய படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் வருகிறார். யார் என்கிறீர்களா? இதோ, சுவரோரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே நம் போட்டோக்காரன், இவனுடைய அக்கா புருஷன். பழைய ஓவியங்களைச் சரிசெய்து கொடுக்கிறவர். நாங்கள் வைத்த பெயர் மேதை. நேரிலேயே கூப்பிடுவோம், பாராட்டு என்று எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் மூளை.

அந்த ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்கிறது. கிட்டே வாருங்கள்.

வேன்காரர் மூக்கை உறிஞ்சினார். "சார், பட்டாசு ஏதாவது வெச்சிருக்கீங்களா? மருந்து வாசனை அடிக்குது."

படம் கடல் போர். பாய்மரக் கப்பல் காலத்துச் சண்டை. ஜெயித்த கப்பலின் பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி. தோற்ற கப்பலில் பாயெல்லாம் கந்தல், கொடிமரம் மொட்டை. அந்தச் சண்டைகளில் கொடியை இறக்கினால் சரணடைந்தோம் என்று அர்த்தம். எதிரி சுடுவதை நிறுத்திவிடுவான். இறக்கிய கொடியை மறுபடி ஏற்றினாலோ துரோகம்... அப்புறம் தயவே கிடையாது. மேதைக்கு இது தெரியாதா? சாவு வீட்டில்கூட நாலு பேரை உட்கார வைத்து இதைப் பாடம் எடுத்த ஆள்!

படத்தை வாங்கியவர் ஓட்டல் முதலாளி. கடலில் கால்கூட நனைத்ததில்லை. "அந்தக் கம்பு என்னங்க மொட்டையா நிக்குது? பளிச்சுனு ஒரு கொடி போட்டு விடுங்க" என்றார்.

மேதை வீட்டில் புலி. பணக்காரர் முன்னால் பூனை. "தாராளமா போட்டுடலாங்க" என்று ஓட்டலிலேயே குழைத்துக் குழைத்து ஒரு சிவப்புக் கொடியை வரைந்தார். முதுகெலும்பு என்று ஒன்று இருந்தால்தானே மறுப்பதற்கு? மேலே வார்னிஷ் அடிக்கத்தான் அந்த வேனில் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

முன்னறையில் சுவரைப் பார்த்து நிறுத்தினார். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் அக்காவும் இரண்டு வயதுப் பெண்ணும் தூங்குகிற கட்டில்.

டும்.

தூரத்தில்தான். ஆனால் சமையலறையில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"என்னங்க சத்தம்?"

"எலி. தூங்கு."

எலியாம்! வீட்டையே ஆட்டுகிற எலி.

மறுநாள் இரவு சத்தம் பக்கத்தில் கேட்டது. உப்புக்காற்று வாடை வேறு... கடலுக்கு ரயிலில் ஒரு பகல் போகவேண்டிய ஊர் நம் ஊர். காலையில் குழந்தையின் தலையணையில் விரல் நீளத்துக்கு ஒரு மரச்சிராய் குத்தி நின்றது. தார் நாற்றம். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

"அந்தக் கொடிய அழிங்க" என்றாள் அக்கா.

"உனக்கு ஓவியத்தப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு எம் பொண்ணத் தெரியும்."

முதலாளி கோபித்துக்கொள்வாரே என்று இந்த மகானுபாவர் யோசித்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைவிட முதலாளி முகம் பெரிசு! அன்று இரவு அக்காவே டர்பன்டைன் துணியால் கொடியைத் துடைத்தெடுத்தாள். கொடிமரம் மொட்டையானது.

கொஞ்ச நேரம் அமைதி... பிறகு படத்துக்குள், பீரங்கித் துளைகளின் மரக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. படக்... படக்... படக்...

ஒரு தடவை ஏமாந்தவன் மறுபடி நம்புவானா?

அப்போது நம் மேதை என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைச் சட்டையைக் கழற்றி, முட்டி போட்டு, படத்துக்கு முன்னால் ஆட்டினார். அழுதுகொண்டே ஆட்டினார். சத்தம் நின்றது.

படம் ஓட்டலுக்குப் போய்விட்டது. முதலாளி நன்றாகக் குறட்டை விடுகிறார். அவரா ஏற்றினார்? ஏற்றிய கைக்குச் சொந்தமான வீட்டைத்தான் அந்தக் கப்பல் விடுவதில்லை. அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் மேதை மொட்டை மாடியில் ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டுகிறார். தெருவே சிரிக்கிறது. ஒரே ஒரு நாள் மறந்தார். அன்று கட்டிலின் பாதி தூளாகக் கிடந்தது. குழந்தை அக்கா மடியில் தூங்கியதால் பிழைத்தது.

தினம் தினம் சரணடைகிற வீரர்! இப்படி ஒரு ஆண்பிள்ளையை நான்...

என்னடா போட்டோக்காரா, போனையே பார்க்கிறாய்?

"அக்கா அனுப்பியிருக்கா... மழைல நனையுதேன்னு பக்கத்து வீட்டம்மா போர்வைய எடுத்து உள்ள வெச்சுட்டாங்களாம். இப்பதான் பாத்திருக்கா. வேற துணி எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடுறாளாம்."

உன் மாமா?

"ஊர்ல இல்ல. பாப்பா கீழ தனியா தூங்குது."

டும்.

இடிதான். பேசாமல் இருங்கள், இடிதான்... அவன் அக்காவைக் கூப்பிடுகிறான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை.

உங்களில் யாராவது மின்னலைப் பார்த்தீர்களா?