றகர் பார்க்க வேன் கிடைத்த விதம்

பயணத் திட்டம் போடும் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு இலகுவாக விளங்கும்.

நௌஃபர் முறைப்பாடு கொடுத்திருப்பதாகவும், நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படியும் பள்ளிவாசல் நிர்வாக சபையார் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஒளிவுமறைவு இருக்காது.

கொழும்புக்கு நாங்கள் போகாதவர்கள் அல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். பாஸ்போட் எடுக்கப் போயிருக்கிறோம். ஆனால் சும்மா போய், இரண்டு இரவு தங்கி, சந்தோஷமாக இருந்துவிட்டு வருவது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாத யோசனை. எனக்குத் தோன்றியது. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அங்கே எழுவர் றகர் போட்டி, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி, நடக்க இருந்தது. ஒரு பாதி ஏழே நிமிடம். விளங்குவதற்கு முன் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் விளங்காதவர்களும் துணிந்து பார்க்கலாம்.

போகவிருந்தவர்கள் நான்கு பேர், எல்லோரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அர்கம் ஆகிய நான். என் பக்கத்து வீட்டு நௌஃபர். படிப்பு முடிந்ததும் வேன் வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவன். கண்டக்குழி கில்பட். சிலாபம் டிலக்‌ஷன்.

நான்கு மாதம் உழைத்துத் திட்டத்தை எழுதினேன். வெள்ளி காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு புறப்பாடு. சிலாபத்தில் டிலக்‌ஷனை ஏற்ற நான்கு நிமிடம். மருதானையில் ஜும்ஆத் தொழுகை, அந்நேரம் கில்பட்டும் டிலக்‌ஷனும் வேனைக் காவல் காப்பார்கள். காலிமுகத்திடலில் இறால் பதித்த இஸ்ஸோ வடை, இருபது நிமிடம். அதன் கீழ் ‘கடல் பார்த்தல்’ என்று ஒரு வரி இருந்தது. “விடிஞ்சா பொழுதுபட்டா கடலுக்குள்ள கிடக்கிறவன் நான். அதைப் பாக்கவோடா கொழும்புக்கு வாறன்?” என்று கில்பட் கேட்டதால் வெட்டிவிட்டேன். பிறர் கருத்துக்கு நான் இடம் கொடுப்பவன் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

ஜூலை நடுவில் நௌஃபர் வந்து, தன்னால் வர முடியாது என்றான். அவனுடைய தங்கச்சி றைஸாவுக்குக் கல்பிட்டியில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில் வேலை. நிக்காஹ் செப்டெம்பரில் என்றுதான் இருந்தது. அவருக்கு லீவு முன்கூட்டிக் கிடைத்ததால், தூக்கி அந்தச் சனிக்கிழமையிலேயே வைத்துவிட்டார்கள்.

“ஒரு கிழம தள்ளி வைங்களன்,” என்றேன்.

“ஒனக்கு மூளையில என்னவும் கொழப்பமா மச்சான்? தங்கச்சிட கலியாணம். வாப்பாவும் இல்ல, நான்தான் எல்லாத்துக்கும் ஓடணும்.”

“சனிக்கிழம மட்டும் பதினெட்டு மெச் இரிக்கி.”

“நீங்க மூணு பேரும் போங்க. வேன் மட்டும் தர ஏலா, பொண்ணு மாப்பிள ஊட்டாக்கள ஏத்தி இறக்கணும். எனக்கு போட்டோ அனுப்பு.”

போட்டோ அனுப்பு என்று சொன்னபோது அவன் சிரித்தான். நான்கு மாத உழைப்புக்கு அவன் வைத்த பெறுமதி அது. எனக்குக் கோபம் வரவில்லை. திட்டத்தில் ஒரு தடங்கல் வந்தால் தடங்கலை அகற்ற வேண்டும், அவ்வளவுதான்.

றைஸாவைப் பற்றியும் சபையார் அறிந்திருப்பது நல்லது. இருபத்துநான்கு வயது. பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். உங்களில் இரண்டு பேருடைய பேரப்பிள்ளைகளுக்கு அலிஃப் எழுதப் பழக்கியவள் அவள்தான். மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்ன நாளிலிருந்து அவள் சிரிப்பது எங்கள் மதிலுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இருந்ததில்லை.

நாள் குறித்தாலும், கார்ட் அடிப்பதற்கு முன் மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து பெண் வீட்டு அக்கம்பக்கத்தில் விசாரித்துப் போவது நம் பகுதியில் வழக்கம். நௌஃபரின் குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வந்தது. அவர்களுடைய பழைய ஊரில் போய்க் கேட்க ஆள் இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதுதான் பேச்சு. அதிலும் நாங்கள் இந்த ஊர்ப் பழைய குடும்பம், நான் படித்தவன், நௌஃபரின் கூட்டாளி.

மாப்பிள்ளையின் பெரியவாப்பா செய்னுலாப்தீன் ஹாஜியார் ஒரு செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். சந்தித் தேத்தண்ணிக் கடையில் என்னை உட்கார வைத்து, பிளேன்டீ சொன்னார்.

“தம்பி பக்கத்து ஊடுதானே. புள்ள எப்பிடி?”

நான் தேத்தண்ணியைக் கலக்கினேன். சீனி கரைந்த பிறகும் கலக்கினேன். மனதுக்குள் இருபதுவரை எண்ணினேன்.

“நல்ல குடும்பம் ஹாஜியார்,” என்றேன். “அவங்கட ஊட்டுச் சோத்தத் திண்டு வளந்தவன் நான்.”

“நான் புள்ளயப் பத்திக் கேட்டன்.”

“அதுதான் சொல்றன். நல்ல குடும்பம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன்.

“என்னவும் இரிந்தா சொல்லுங்க மகன். அல்லாஹ்வுக்காகக் கேக்கிறன்.”

“எனக்கும் ரெண்டு தங்கச்சி இரிக்கி, ஹாஜியார். நான் வாயத் தொறக்க ஏலா.”

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்தார். “அல்ஹம்துலில்லாஹ், நேரத்தோட தெரிஞ்சிச்சி,” என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

என் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை என்பதைச் சபையார் குறித்துக்கொள்ள வேண்டும். அது நல்ல குடும்பம். அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்டது உண்மை. எனக்கு இரண்டு தங்கச்சிமார் இருப்பதும் உண்மை. மீதியை ஹாஜியார் தாமாகவே செய்துகொண்டார்.

வியாழக்கிழமை கல்பிட்டியிலிருந்து தகவல் வந்தது. இஸ்திகாரா தொழுது பார்த்தார்களாம், மனதுக்கு ஒத்துவரவில்லையாம். எது நல்லது என்று அல்லாஹ்விடம் கேட்டுத் தொழுவது அந்தத் தொழுகை; சொல்ல விரும்பாத காரணத்தை மூடி வைக்கவும் நம் ஆட்கள் அதைப் பாவிப்பதுண்டு. அதற்கு மேல் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. நௌஃபரின் உம்மா மூன்று நாள் பாயை விட்டு எழும்பவில்லை. சிரிப்புச் சத்தம் நின்றது. பின்னேரங்களில் எனக்குத் திட்டத்தைத் திருத்தி எழுத அமைதி கிடைத்தது.

ஒரு வாரம் பொறுத்து நௌஃபரிடம் போனேன்.

“வா மச்சான். ஒனக்கும் மனசுக்கு ஒரு மாத்தமா இரிக்கும்.”

“இந்த நெலமயிலயா?”

அறைக்குள்ளிருந்து றைஸா சொன்னாள்: “போங்க நானா. நீங்களும் எத்தின நாளைக்கி இப்பிடியே இரிக்கிற? அர்கம் நானாதான் ஒங்கள நெனச்சிக் கூப்பிடுறாரு.”

புறப்பட்ட அன்று அவள் வழிக்குக் கட்லட் பொரித்துத் தந்தாள். முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. கட்லட்டில் உப்பு கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பயணம் நன்றாக நடந்தது. சிலாபத்தில் மட்டும் டிலக்‌ஷன் பதினொரு நிமிடம் எடுத்தான். ஒரு ஆட்டத்தில் கடைசி விநாடியில் ஒருவன் பந்தோடு மைதானத்தின் முழு நீளமும் ஓடினான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். நௌஃபர் கத்தவில்லை. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு புல்லைப் பார்த்தபடி இருந்தான். காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். “என்னத்த மச்சான் அவள்ள கொற கண்டாங்க? அத மட்டும் சொல்லியிருக்கலாமே,” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். தோளை அணைத்துக்கொண்டேன். என் திட்டத்தில் அழுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை. ஆனாலும் கால் மணித்தியாலம் கொடுத்தேன்.

பிறகு நடந்தவை என் கையில் இல்லை. காரணம் சொல்லாமல் முறிந்த சம்பந்தத்துக்கு ஊர் தானாகக் காரணம் தேடியது. பாலர் பாடசாலையிலிருந்து ஆறு பிள்ளைகளை நிறுத்தினார்கள். அந்த இரண்டு பேரப்பிள்ளைகளும் அதில் அடக்கம். வந்த சம்பந்தங்கள் சந்தியோடு திரும்பின. போன ஜனவரியில் அவளை வண்ணாத்திவில்லுவுக்கு, ஐம்பத்தொரு வயதான, மனைவியை இழந்த ஒருவருக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கும் றைஸாவுக்கும் இரண்டு வயது வித்தியாசம். நானும் போயிருந்தேன். பலர் சேர்ந்து உண்ணும் ஒரே சஹனில் நௌஃபர் என் பக்கத்தில் இருந்து, பெரிய கோழித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டான். “எங்களுக்கு நீ மட்டுந்தான் மச்சான் நிண்ட,” என்றான். சாப்பாடு திறமாக இருந்தது.

சென்ற மாதம் ஒரு ஜனாஸா அடக்கத்தில் செய்னுலாப்தீன் ஹாஜியார் நௌஃபரைக் கண்டு, மனம் கேட்காமல் தேத்தண்ணிக் கடை விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். நௌஃபர் நேராக எங்கள் கேற்றடிக்கு வந்தான்.

“ஹாஜியாருக்கு நீ என்ன சொன்ன?”

“ஒண்டும் சொல்லல்ல.”

“அதுதான்,” என்றான். திரும்பிப் போய்விட்டான்.

சபையார் கேட்பதால் எழுதித் தருகிறேன்: ஓம், தெரிந்துதான் செய்தேன். ஹாஜியார் எழும்பிப் போவார் என்று தெரியும். சம்பந்தம் முறியும் என்று தெரியும். முறிந்தால் அந்தச் சனிக்கிழமை நௌஃபருக்கும் வேனுக்கும் வேலை இருக்காது என்றும் தெரியும்.

என் வருத்தம் வேறு. எட்டாம் வகுப்பிலிருந்து பழகியவன், இப்போது என் சலாமுக்குப் பதில் சொல்வதில்லை. தங்கச்சியின் கலியாணம் தனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று அவன் அன்றைக்கே ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். கில்பட்டின் அண்ணனிடமும் ஒரு வேன் இருந்தது. எந்த நாளென்றாலும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் ஜூன் மாதமே சொல்லியிருந்தார்.

அதில் ஏசி வேலை செய்யாது.