செஞ்சிறகன் ஏந்தின பொண்ணு

போதுங்களா சர்க்கரை? வேணும்னா போட்டுக்கங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி வந்து உக்காருங்க. சொல்றேன், சொல்றேன். போன்லயே சொல்லியிருக்கலாந்தான். சொன்னா வர மாட்டீங்கன்னு தோணுச்சு. முதல்ல ஒரு சினிமாக் கதை கேளுங்க. ஆமாங்க, சினிமாதான். செஞ்சிறகன் பார்த்திருக்கீங்களா? இல்லையா? தப்பிச்சீங்க.

பறக்குறவன் கதை. பகல்ல ஒரு பால் கம்பெனியில மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, முதலாளி திட்டுறதையெல்லாம் வாங்கிக்கிட்டு கூனிக் குறுகி நிப்பான். யாருக்காவது ஆபத்துன்னா போதும், எங்க இருந்தாலும் காதுல விழுந்துடும் அவனுக்கு. கண்ணாடியைக் கழட்டுவான், முதுகுல ரெண்டு செவப்பு றெக்கை மொளைக்கும், கெளம்பிடுவான். கண்ணாடியைக் கழட்டிட்டா பெத்த அம்மாவுக்கே அவனை அடையாளம் தெரியாது. எப்பேர்ப்பட்ட அம்மா பாருங்க.

நானும் எங்க அண்ணனும் சின்னதா இருந்தப்ப அந்தப் படம்னா உசுரு. எதிர் வீட்டுல டிவி இருந்துச்சு, கேசட்டும் இருந்துச்சு. போங்கடா உங்க வீட்டுக்குன்னு அவங்களா வெரட்டுற வரைக்கும் பார்ப்போம். வீட்டுக்கு வந்து அண்ணன் அம்மாவோட செவப்புப் போர்வையை முதுகுல கட்டிக்கிட்டு அலமாரி மேலேர்ந்து கட்டில்ல குதிப்பாரு. நான் யாரா? வேற யாரு, காப்பாத்தப்படுற பொண்ணு. எப்பப் பாரு அதேதான். ஒரே ஒரு நாள் நான் வில்லனா இருக்கேண்ணேன்னு கெஞ்சுவேன். வில்லன் இல்லாமக் கூட சமாளிச்சுக்கலாம், காப்பாத்துறதுக்குத்தான் ஆளு வேணும்பாரு. நானும் கையைத் தூக்கிக் கத்துவேன். பைத்தியம் ரெண்டும்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் அதை மறுபடி பார்த்தேங்க. தலை நரைச்ச பிறகு. அய்யய்யோ, அதை என்னன்னு சொல்றது!

றெக்கைன்னா றெக்கையா அது? ஏதோ கோழிக்குச் சாயம் அடிச்சுப் பிச்சு ஒட்டின மாதிரி இருக்கு. ஒரு பக்கம் அடிச்சிக்குது, இன்னொரு பக்கம் தூங்குது. இடுப்புல கம்பி கட்டித் தொங்க விட்டிருக்கான், அந்தக் கம்பி அப்பட்டமாத் தெரியுது. நெஞ்சுக்குள்ள தலகாணியைத் திணிச்சிருப்பான் போல, ஒரு சண்டையில அது நழுவித் தொப்பையாயிடுச்சு. தொப்பையோடவே அடுத்த சண்டைக்கும் வந்துட்டான். ஊரு பூரா அட்டைப்பெட்டி. இவன் மாடியில வந்து எறங்கினா மாடியே ஆடுது. அந்த வில்லன் இருக்கானே, அவன் அதுக்கு மேல. குண்டை எங்க வைக்கப் போறேன், எப்ப வெடிக்கும், எந்த ஒயரைப் புடுங்கினா நின்னுடும், எல்லாத்தையும் செஞ்சிறகன்கிட்டயே நிறுத்தி நிதானமாப் பாடம் நடத்துறான். நடத்தி முடிச்சிட்டு இடுப்புல கை வச்சுச் சிரிக்கிறான். இதையா வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தோம்னு எனக்கு வெக்கமாப் போச்சு.

என்னது? சின்னப் பிள்ளைங்களுக்குன்னு எடுத்ததா? அதுதாங்க எனக்கு எரியுது. பெரியவங்க காதுல பூ சுத்தினா எடுத்துப் போட்டுட்டுப் போயிடுவோம். பிள்ளைங்க அப்படியா? உள்ள போனது போனதுதான், வெளிய வராது.

சரி, அவ்வளவு கேவலமா இருந்தா எதுக்குப் பார்த்தேன்னு கேக்குறீங்க. அண்ணன் கேட்டாருங்க. எதையும் வாயைத் திறந்து கேக்குற ஆளில்ல அவரு. தண்ணி கூட நானாப் பார்த்துக் குடுத்தாத்தான். அவரு திடீர்னு, செஞ்சிறகன் எங்கயாவது கெடைக்குமா பாருன்னாரு. தேடினேன், கெடைச்சிச்சு. இந்தக் கருமமெல்லாம் மட்டும் அழியவே அழியாது. அவரைத் தூக்கி, முதுகுக்கு ரெண்டு தலகாணி குடுத்து, சாய வச்சுப் படத்தைப் போட்டேன். ஆமா, படுக்கைதான். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி எதுவும் கெடையாது. அந்த உள் ரூம்ல இருக்காரு. தூங்கலை, ரேடியோ கேட்டுக்கிட்டிருப்பாரு. கதவைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. கதை இன்னும் முடியல.

நடுவுல ஒரு பாட்டு வந்துச்சு. நிறுத்திட்டு அவரை ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். இல்லன்னா முதுகுல புண்ணு வந்துடும். மறுபடி போட்டா, கடைசிக் காட்சி. அந்தப் பொண்ணு கோபுரத்து உச்சிலேர்ந்து விழுறா. விழுறா, விழுறா, விழுந்துக்கிட்டே இருக்கா. அதுக்குள்ள நான் ஒரு பக்கெட் துணி அலசிப் போட்டுட்டு வந்திருப்பேன். செஞ்சிறகன் வந்து ரெண்டு கையால ஏந்துறான். அவ தலைமுடி கலையல, உதட்டுச் சாயம் கலையல. கொண்டாந்து கீழ விடுறான். ஒரு வார்த்தை சொல்லலீங்க அவ. சேலையை உதறிக்கிட்டுக் கூட்டத்தோட கூட்டமாப் போயிட்டா. இவன் மேகத்துக்குள்ள போயிட்டான். முடிஞ்சிச்சு படம்.

எனக்குச் சிரிப்பு தாங்கல. விழுறதுன்னா என்னன்னு இவனுங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையாண்ணேன்னு சொல்லிச் சிரிக்கிறேன், அண்ணன் சிரிக்கல. அந்தப் பொண்ணு வீடு போய்ச் சேர்ந்துச்சான்னு காட்டவே இல்லையேன்னாரு. அவளுக்கு ஏதுண்ணே வீடு, அதுவும் அட்டையாத்தான் இருக்கும்னேன். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

அண்ணன் என்ன வேலை பார்த்தாருன்னு நீங்க கேக்கவே இல்லையே. உசரமான கட்டடத்துக்கெல்லாம் வெளிப்பக்கம் கண்ணாடி தொடைக்கிறவரு. இடுப்புல பெல்ட்டு, மேலேர்ந்து கயிறு, பக்கத்துல சோப்புத் தண்ணி வாளி.

டீ சிந்துதுங்க. பரவால்ல, விடுங்க. நான் தொடைச்சிக்கிறேன்.

ஆமா. அவரேதான். அவரு தங்கச்சிதான் நான். மேல நின்னு கயிறு புடிச்சவரு இருக்காருல்ல, அவரைப் புடிச்சு, உங்க பழைய ஆபீஸ் வாட்ச்மேனைப் புடிச்சு, அப்படித்தான் உங்க நம்பரை வாங்கினேன். அன்னைக்கு நடந்தது பாதி உங்களுக்குத் தெரியும். உள்ள புகை, நீங்க கண்ணாடியைத் தட்டினீங்க, வெளிய தொங்கிக்கிட்டிருந்தவரு பார்த்தாரு. மீதி பாதி உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, மயங்கிட்டீங்கன்னு சொன்னாங்க. கண்ணாடியை ஒடைச்சு உள்ள வந்து, தன் இடுப்புல இருந்த பெல்ட்டை அவுத்து உங்களுக்கு மாட்டி, எறக்குங்கன்னு மேல குரல் குடுத்தாரு. உங்களை எறக்கிட்டு அவங்க கயித்தை மறுபடி மேல இழுக்குறதுக்குள்ள நெருப்பு அவரு முதுகுக்கு வந்துடுச்சு. சன்னல் விளிம்பைப் புடிச்சுத் தொங்கினாரு. அப்புறம் கையை விட்டாரு. றெக்கை ஒண்ணும் மொளைக்கலீங்க. கீழ வண்டி நிறுத்துற கொட்டகைத் தகரம்தான் இருந்துச்சு.

அழாதீங்க. இருங்க, அழாதீங்க. அழுறதுக்கா கூப்பிட்டேன்?

என்ன? ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா? எப்ப? ம். வாசல் வரைக்கும். வாசல்ல நின்னுட்டு? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பார்க்குறதுன்னு திரும்பிட்டீங்க. நல்லா இருக்குங்க நியாயம். மூஞ்சின்னு ஒண்ணு மிஞ்சினதே அவராலதானே, அதை வச்சுக்கிட்டு வந்திருக்கலாம். இல்ல, நான் சண்டைக்கு நிக்கல. நின்னா இன்னைக்கு முழுக்க நிப்பேன், எனக்கு அவ்வளவு இருக்கு உள்ள. ஒவ்வொரு தடவை அவரைப் பொரட்டிப் போடும்போதும் உங்களைத் திட்டியிருக்கேன். பேர் தெரியாததால அந்தப் புண்ணியவதின்னு திட்டுவேன். அவரு காதுல விழாமத்தான்.

அவருக்கு உங்க மேல கோவம்னு நெனைக்கிறீங்களா? கோவம் இருந்தாக்கூடத் தேவலைங்க. கோவிச்சுக்கவாவது நீங்க இருக்கீங்கன்னு ஆகும். அவரு, நீங்க செத்துட்டீங்கன்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு.

ஆமாங்க, செத்துட்டீங்கன்னு. பொழைச்சிட்டாங்கண்ணே, நல்லா இருக்காங்களாம்ணேன்னு நான் சொல்லாத நாளில்ல. கயிறு புடிச்சவரும் வந்து சொல்லிப் பார்த்தாரு. ம் ம்னு கேட்டுப்பாரு. நம்பிட்டாருன்னுதான் நானும் நெனைச்சேன். ஞாயித்துக்கிழமை படம் முடிஞ்ச பிறகுதான் வாயைத் திறந்தாரு. நீ என்னைத் தேத்துறதுக்குச் சொல்ற, எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு பொழைச்சிருந்தா ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்காதான்னாரு. மறுநாளே உங்களைத் தேடக் கெளம்பிட்டேன்.

அவ்வளவுதான் விஷயம். எழுந்திரிங்க. நீங்க வந்திருக்குறது அவருக்குத் தெரியாது. மூஞ்சியை அங்க போய்க் கழுவிக்கங்க, துண்டு ஆணியில இருக்கு. அழுறது மீதி இருந்தா இங்கயே அழுதுட்டுப் போங்க, நான் இருக்கேன். உள்ள போய் மன்னிச்சிடுங்கன்னு ஆரம்பிக்காதீங்க, அப்புறம் அவரு உங்களைத் தேத்த ஆரம்பிச்சிடுவாரு. காலைப் பார்க்காதீங்க. என்ன பண்றீங்க, எத்தனை பிள்ளைங்கன்னு கேப்பாரு. சொல்லுங்க. நல்லா இருக்கேன்னு சொல்லுங்க, இல்லன்னாலும் சொல்லுங்க. அதெல்லாம் அப்புறம். போனதும் சன்னல் பக்கமாப் போய், வெளிச்சத்துல கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. அவரு பார்க்கட்டும்.