சிவப்புப் பொத்தான்

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். குளிர்நாடொன்றின் வில் என்னும் நகரிலிருந்து புறப்பட்ட ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். இளையவரின் கழுத்தெல்லாம் கரி.

"என்ரை வீட்டை நானே கொளுத்தப் பாத்தன், அண்ணை," என்றார் அவர்.

"என்னடாப்பா சொல்லுறாய்?"

"வீட்டைச் சூடாக்கிற எண்ணெய் பொயிலர் நிண்டுபோச்சு. நிலவறைக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமத்தினன். பத்தேல்லை. திருப்பித் திருப்பி அமத்தினன்."

"ஐயோ, ஒருக்காத்தான் அமத்தலாம். அமத்த அமத்த உள்ளுக்கை எண்ணெய் சேரும்."

"அதை ஆர் எனக்குச் சொன்னது? கடைசியா ஒரேயடியாப் பத்திச்சு. புகைக்குழாய் கழண்டு வீடு முழுக்கக் கரி."

"வீட்டுக்காரனுக்கு முதலே ரெலிபோன் அடிச்சிருக்கலாமே?"

"அடிச்சனான். வெள்ளிக்கிழமை. திங்கள் பாப்பம், ரெண்டு உடுப்புக் கூடப் போடுங்கோ எண்டான். பிள்ளைக்கு ரெண்டு மாசம், அண்ணை. உதடு நீலமாப் போச்சு."



"பிறகெண்டாலும் வந்தவனோ?"

"கரியெண்ட உடனை ஓடிவந்தான். சுவரைத் தடவித் தடவிப் பாத்தான். வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லிப்போட்டான்."

"மனிசியும் பிள்ளையும் எங்கை?"

"ஆஸ்பத்திரியிலை," என்றார் இளையவர். "அங்கை நல்ல சூடு."