கடலோரத்து அஞ்சலை

— முன் வரிசையில உக்காந்திருக்கு, கேப்ரியல் அண்ணே. தூணுக்குப் பக்கத்துல, பச்ச சேல. கைப்பைய மடியில இறுக்கிப் புடிச்சிக்கிட்டு.

— யாரு துளசி? டூரிஸ்டா?

— டூரிஸ்டா இருந்தா நான் ஏன் ஓடி வாரேன்? கோப்பெங்லருந்து வந்திருக்கு. பேரு வீரம்மா. அஞ்சலையோட கூடப்பொறந்த தங்கச்சி.

— எந்த அஞ்சலை?

— எத்தன அஞ்சலை இருக்காங்க உங்களுக்கு? சனிக்கிழமையானா மைக்கப் புடிச்சு கடல்லருந்து எழுப்பிக் கொண்டாறீங்களே, அந்த அஞ்சலைதான்.

— சாபார், சாபார், பொறுமையா இரு. அந்தக் குடும்பத்துல யாரும் இல்லன்னு நீதானே சொன்ன?

— நான் எப்ப சொன்னேன்? தேடினேன், கெடைக்கலன்னு சொன்னேன். அவங்க வேல செஞ்ச எஸ்டேட்ட வித்து அங்க வீடு கட்டிட்டாங்க. சனங்க ஈப்போ, செமோர், கமுந்திங்னு செதறிப் போச்சு. கோயில் பூசாரி ஒருத்தர்தான் வாய் தொறந்தாரு. மாசி மகத்துக்கு எஸ்டேட் லோரியில இந்த லுமுட் கடலுக்குக் குளிக்க வந்தவங்க, அதுல ஆயக்கொட்டகையில புள்ள பாத்துக்கிட்டு இருந்த அஞ்சலைங்கிற பொண்ண அல இழுத்துக்கிச்சு, ஒடம்பு கெடைக்கவே இல்ல. அவ்வளவுதான் அவரு சொன்னது. அத ஒட்டுக்கடையில தேத்தண்ணி குடிக்கையில உங்ககிட்ட சொன்னேன். அடுத்த வாரமே அந்தப் பேரத் தூக்கி இந்த ஓட்டல் பேய்க்கு வச்சிட்டீங்க.

— பேய் நான் உண்டாக்கினதா? நம்ம வரலாற்றுச் சங்கம் இங்க வந்து கதை சொல்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இருந்ததுலா. துரைமாருங்க பேண்டு வாசிச்சு ஆடின காலத்துல ஒரு பொண்ணு செத்துப்போனாளாம், அவ கோடி ரூம் ஜன்னல்ல வந்து நிக்கிறாளாம். ஆனா பேரில்லாத பேய யாரு நம்புவா? ஒரு பொண்ணுன்னு சொன்னா ஆளுங்க போனத் தடவிக்கிட்டு இருப்பாங்க. அஞ்சலைன்னேன், கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டுன்னேன், அத்தன பேரும் நிமிந்து உக்காந்தாங்க.

— துரையோட கைகோத்து ஆடினாள்னீங்க. வயித்துல புள்ளயோட கடல்ல எறங்கினாள்னீங்க. அத எவனோ போன்ல புடிச்சு ஊரெல்லாம் அனுப்பி, இப்ப அந்தம்மா அதக் கேட்டுட்டு வந்து உக்காந்திருக்கு. வயசு எழுவதுக்கு மேல இருக்கும் அண்ணே. மக காடியில கொண்டாந்து எறக்கிவிட்டுட்டுப் போயிருக்கா.

— அப்ப இன்னைக்கு அந்தக் கதை வேணாம். சர்க்கஸ் யானை படகு ஜெட்டிப் பாலத்துல ஏற மாட்டேன்னு அடம்புடிச்ச கதையச் சொல்றேன். ஹைனான் சமையக்காரரு துரையம்மா தொப்பியில நண்டு புடிச்சத நீ சொல்லு. சிரிக்க வச்சு அனுப்பிருவோம். இரு, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்.

— சீக்கிரம் வாங்க. என்னைய தனியா அந்தம்மா மூஞ்சியப் பாக்க விடாதீங்க.

— …போனேன், வந்தேன். முடியாதுங்கிறாரு.

— என்னதான் சொல்றாரு?

— கோவப்படக்கூட இல்ல, அதான் வயித்தெரிச்சல். சிரிச்சிக்கிட்டே செவத்தக் காட்றாரு. அஞ்சலைய அஞ்சடி ஒசரத்துக்கு வரைஞ்சு வச்சிருக்காங்க, பேரோட. கோடி ரூமுக்கு பள்ளி லீவு முடியிற வரைக்கும் புக்கிங்காம், இன்னைக்கு ஒரு நாள்தான் எவனோ வரலன்னு காலியா கெடக்காம். நீங்க சொல்லாட்டி ஓட்டல் கவுண்டர்ல நிக்கிற பொண்ணு சொல்லும் மிஸ்டர் கேப்ரியல், அதுக்கு மனப்பாடம்னு தோள்ல தட்டி அனுப்பிட்டாரு. நம்ம வாயில பொறந்தது, இப்ப நம்ம பேச்ச கேக்க மாட்டேங்குது.

— அப்ப முதல்ல அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிருவோம். எல்லாம் கட்டுக்கதைன்னு கால்ல விழுந்துருவோம்.

— யாரு சொல்றது? மாசா மாசம் பாதர் முன்னாடி மண்டி போட்டு பாவசங்கீர்த்தனம் பண்றவன் நான். எனக்கே வாய் வர மாட்டேங்குது துளசி.

— வரணும். அங்க பாருங்க, எந்திரிச்சு இங்கதான் வருது.

— தம்பி, நீங்கதானே கதை சொல்றவரு? போன்ல பாத்த மூஞ்சி.

— ஆமாம்மா. வாங்க, உக்காருங்க. பசியாறிட்டீங்களா?

— ஆச்சு தம்பி. எங்கக்காவப் பத்தி ஒன்னு கேக்கணும்.

— அம்மா, அதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். அந்தத் துரை, டான்ஸு, அதெல்லாம் வந்து…

— பொய்யி. எனக்குத் தெரியாதா? துரை காடி வந்தாலே கொட்டகைக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிடுவா எங்கக்கா. கேட்ட அன்னைக்கு நெஞ்சு எரிஞ்சிச்சு, உங்களத் திட்டவும் செஞ்சேன். அத விடுங்க. நான் சண்டைக்கு வரல.

— எங்கள மன்னிச்சிருங்கம்மா. பூசாரிகிட்ட அந்தப் பேர வாங்கிட்டு வந்தவ நான்தான்.

— நீ ஏம்மா கலங்குற? அன்னைக்கு நான் சின்னப் புள்ள, லோரியிலதான் இருந்தேன். பொழுது சாயிற வரைக்கும் அப்பா கரையிலயே கத்திக்கிட்டு நின்னாரு. காலையில பெரட்டுக்கு நிக்கணும்டான்னு வேல வாங்குற மண்டோர் சத்தம் போட்டாரு. பேரு கூப்புடுற நேரத்துல ஆள் இல்லன்னா சம்பளம் போயிரும்ல. ஏத்திக்கிட்டு வந்துட்டாங்க. ஒடம்பக் கண்ணால பாக்காம படத்துக்கு மாலையும் போட மாட்டேன், பால் தெளி சடங்கும் வைக்க மாட்டேன்னு எங்கம்மா நின்னுட்டா. மூத்தவ இருக்கையில எளையவளுக்கு எப்படி முடிக்கிறதுன்னு வந்த மாப்பிள்ளையெல்லாம் திருப்பி அனுப்பினா. அம்மா செத்த பொறகுதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு. அம்மாவுக்குப் பேப்பர்ல போட்ட மரண அறிவிப்புல பிள்ளைகள் அஞ்சலை, வீரம்மான்னு சேத்துதான் போட்டோம். இன்னும் எங்க வீட்டுல அக்கா உசுரோடதான் இருக்கா தம்பி. என் மக அவளப் பாத்ததே இல்ல, எனக்குப் பொறகு அவளத் தேட ஆள் இல்ல.

— அம்மா, நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க. நாளைக்கே பேப்பர்ல மறுப்பு எழுதுறேன்.

— அதெல்லாம் எனக்கெதுக்கு? ஜன்னல்கிட்ட வந்து நிக்கிறாள்னு சொன்னீங்களே, அது எந்த ரூமு?

— சொல்லுங்கண்ணே. மிச்ச உண்மையையும் இப்பச் சொல்லுங்க.

— அம்மா… அந்த ரூமு…

— ஏன் தம்பி ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறீங்க? இன்னைக்கு ஒரு ராத்திரி அங்க என்னப் படுக்க விடச் சொல்லுங்க, போதும். ஆவியா வந்து நின்னாள்னா செத்துட்டாள்னுதானே அர்த்தம்? ஒரு தடவ கண்ணால பாத்துட்டேன்னா, வீட்டுக்குப் போயி அவளுக்குக் கருமாதி பண்ணிருவேன்.