அவள் கேட்ட தலையணை

தலையணை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது, டாக்டர். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு தலையணை கொடுத்ததற்காக ஒருத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

தீயில் என் கை இல்லை. எங்கள் தையல் கடையில் கறை எடுக்கும் திரவத்தை மூடாமல் வைத்தது என் தங்கை. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றியதும் அவள்தான். அணைத்தது நான். கம்பளியைப் போர்த்தி அவளை அப்படியே கட்டிக்கொண்டேன். அவளுக்குக் கழுத்தும் வலது கையும் வெந்தன, முகம் தப்பியது. "நீங்க இல்லேன்னா ஆளே இல்லம்மா" என்று சொன்னது நீங்கள்தான். மறந்திருப்பீர்கள்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்திலும் கையிலும் ஒட்டினீர்கள். அருமையான வேலை. துணி வெட்டிப் பிழைக்கிறவள் சொல்கிறேன், ஓரம் அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகுதான் அவள் தலையணை கேட்க ஆரம்பித்தாள். தோளுக்குக் கீழே துணிச் சுருள் வைத்து, தலை பின்னால் சாய்ந்து தொங்கும்படி படுக்க வைத்திருந்தீர்கள். விரல்கள் நீட்டியபடி இருக்க ஒரு பிளாஸ்டிக் அச்சில் கையை வைத்துப் பட்டை போட்டுக் கட்டியிருந்தீர்கள்.

"அக்கா, கழுத்து விட்டுப் போகுதுக்கா. ஒரே ஒரு தலகாணி குடுக்கா."

கொடுத்தேன். கைக்கும் கழுத்துக்கும் பயிற்சி கொடுக்க வரும் அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"யாரு வச்சது இதை?"

"வலிக்குதுன்னு அழுதா..."

"வலிக்கட்டும். தீக்காயத்துக்குச் சொகமா இருக்கறதுதான் எதிரி. ஒட்டுன தோல் சுருங்கிக்கிட்டே வரும்மா. தலகாணி வச்சா தாடை நெஞ்சோட ஒட்டிக்கும். அச்சைக் கழட்டினா விரலெல்லாம் கோழிக்கால் மாதிரி மடங்கிக்கும். அப்புறம் நிமிர்ந்து பாக்கவும் முடியாது, கத்தரிக்கோல் பிடிக்கவும் முடியாது. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. எனக்கு யாரும் எதையும் அவ்வளவு பொறுமையாக விளக்கியதில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

தீப்பிடித்த வாரம் என் தங்கை வேறு ஊருக்குப் போவதாக இருந்தது. பெரிய ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர் வேலை. "இனிமே நீயும் உனக்குன்னு ஒரு வாழ்க்கையைப் பாருக்கா" என்றாள். எங்கள் அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவளிடம், ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்தவளிடம் சொன்னாள். நான் கோபப்படவில்லை. அவள் பெட்டிக்கு நல்ல கனத்த துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சுதான். இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்களாம், கை சரியானதும் வரச் சொன்னார்களாம்.

பயிற்சி அம்மா விளக்கிச் சொன்ன மறுநாள் மத்தியானம் அவள் தலையணை கேட்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

"வேணாக்கா. அந்தம்மா திட்டுவாங்க."

"யாரு பாக்கப் போறா? கொஞ்ச நேரம் சொகமா இரு."

நர்ஸ்கள் சாப்பிடப் போகும் நேரம் அது. திரையை இழுத்துவிடுவேன். அச்சைக் கழற்றி, மடங்கப் பார்க்கும் விரல்களை மடங்க விட்டு, என் கைக்குள் வைத்துக்கொள்வேன். ராத்திரியும் அப்படித்தான். யாராவது பார்க்க வரும் நேரத்துக்கு மட்டும் எல்லாம் பழையபடி இருக்கும். பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் கணவரிடம் சொன்னாள்: "பாருங்க, பாத்துக்கறதுன்னா இதுதான். நீங்க வந்தா போனை நோண்டறதோட சரி."

"அவங்களையே வாடகைக்குக் கேட்டுப் பாக்கறேன், விடு" என்றார் அவர். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

போகப் போக அவளே பயந்தாள். கட்டு மாற்றிய பிறகு போடும் ஊசியில் பாதி மயக்கத்தில் இருப்பாள். கண் திறக்காமலே, "தலகாணிய எடுத்துடுக்கா, நான் வேலைக்குப் போகணும்" என்பாள். "எடுத்துட்டேன்டா கண்ணு" என்பேன். உடனே நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் எடுத்திருக்க மாட்டீர்கள்.

அச்சு கட்டியிருந்தும் கை ஏன் சுருங்கியது என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் அச்சின் உள்பஞ்சைப் பிரித்துப் பார்த்தீர்கள். வியர்வைக் கறை இல்லை, அழுத்தத் தடம் இல்லை, கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. போட்ட உடுப்புக்கும் போடாத உடுப்புக்கும் வித்தியாசம் தெரியாதா? தையல்காரி நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். கழுத்தும் கையும் என்ன ஆகும் என்று தெரிந்து, ஒரு மத்தியானமும் ஒரு ராத்திரியும் விடாமல் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் வலியைப் பார்த்துக்கொண்டு நீங்கள் எல்லோரும் சும்மா இருந்தீர்கள், எனக்கு அது முடியவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மறுபடி அறுத்துத் தோல் ஒட்ட வேண்டுமாம். முழுசாகச் சரியாகும் என்று சொல்ல முடியாதாம். அவள் நர்ஸிடம் ஏதோ சொன்னாளாம், அக்காவை உள்ளே விடாதீர்கள் என்று. ஊசி மயக்கத்தில் பேசியிருப்பாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்கள், டாக்டர். தலைமாட்டுப் பக்கம். அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது. நான் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் அவளுக்குத் தெரியவே தெரியாது.