பொம்மை ரயில் குலுங்குமாம்

"தினமும் தண்ணிக் குடத்தோட மாடி ரூமுக்கு இரும்பு ஏணி ஏறுதேன். அப்பல்லாம் குலுங்காத புள்ள, பொம்மை ரயில்ல குலுங்குமாம்."

சயான் ஸ்டேஷனில் டோம்பிவிலி லோக்கல் ரயில் ஏறிய கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, பெண்கள் பெட்டியில் என் எதிரே உட்கார்ந்ததும் கூட வந்த தன் அக்காவிடம் இப்படிச் சொன்னாள். அவள் மடியில் பெரிய துணிப்பை இருந்தது. நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினேன்.

"யாரு சொன்னா?" என்றாள் அக்கா.

"எங்க அத்தைதான். நேத்து எல்லாரும் தீம் பார்க் போனோம். பெரிய ராட்டினம் எனக்கு ஆகாதுன்னு எனக்கே தெரியும். சின்னப் புள்ளைங்க போற ரயில் மட்டுந்தான் கேட்டேன். ரயில்காரனே, 'ஆராம்சே பைட்டோ தீதி'ன்னு நிம்மதியா உக்காரச் சொன்னான். அத்தை விடல. எல்லார் செருப்புக்கும் பேக்குக்கும் என்னையக் காவல் வச்சுட்டாவ."

"உன் வீட்டுக்காரரு?"

"அவிய தண்ணிச் சறுக்குல சறுக்கிக்கிட்டு இருந்தாவ."

"நீ சும்மாவா இருந்த?"

"வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். குலுங்கக் கூடாதுன்னா, நாளையிலருந்து உங்க மவன் தண்ணி தூக்கட்டும்னேன். இன்னைக்குக் காலையில தூக்குனாவ. ரெண்டாவது குடத்துலயே இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அத்தை மவனுக்குத் தைலம் தேச்சுக்கிட்டே, காலால குடத்தை என் பக்கம் தள்ளுதாவ."

அக்கா சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை.

"ஏட்டி, வளைகாப்புப் போட்டு நாங்க வந்து கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீயா கிளம்பி வந்தா, நாலு பேரு பேசுவாங்களே."

"பேசட்டும். உன் வீட்டுல குழாய் உள்ளதான இருக்கு?"

அக்கா துணிப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.